பாரிஸுக்குச் சென்ற அஸ்ஹரின் இமாம்: அயல்நாட்டுக் கல்விப் பயணம் தரும் படிப்பினை

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

பள்ளி இறுதித் தேர்வின் முடிவுகள் வெளியாகும் மாதங்களில் நம் மஹல்லாக்களின் பல வீடுகளில் ஒரே கேள்வி எழுகிறது. பிள்ளையை வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பலாமா, வேண்டாமா? "போனால் தீன் போய்விடும்" என்று பாட்டனார் அஞ்சுகிறார். "போகாவிட்டால் எதிர்காலம் போய்விடும்" என்று தந்தை அஞ்சுகிறார். கட்டணம், விசா, உதவித்தொகை ஆகியவற்றைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகின்ற நாம், ஒன்றை மட்டும் பேசாமலே விட்டுவிடுகிறோம். சென்ற பிள்ளை கற்றதைக் கொண்டு யாருக்கு என்ன செய்யப்போகிறது என்பதே அது.

இக்கேள்வி நமக்கு முன்னோர்க்கும் இருந்தது. அதற்கு அவர்கள் கண்ட விடையை வரலாற்றின் ஒரு பக்கத்திலிருந்து காண்போம்.

அஸ்ஹரின் தாழ்வாரங்கள்

இன்று பல்கலைக்கழகங்கள் தமக்குள் ஒப்பந்தம் செய்துகொண்டு மாணவர்களைப் பரிமாறிக்கொள்கின்றன. ஒப்பந்தத் தாள்கள் இல்லாத காலத்திலேயே முஸ்லிம் உலகம் இதனைச் செய்துவந்தது. ஒரு நபிமொழியைச் செவியுறுவதற்காக மாதக்கணக்கில் பயணம் செய்த ஹதீஸ் கலை அறிஞர்களின் வரலாறு நாம் அறிந்ததே. கல்வியைத் தேடி ஒரு பாதையில் நடப்பவருக்குச் சுவனத்தின் பாதையை அல்லாஹ் எளிதாக்குகிறான் என்ற கருத்திலமைந்த, முஸ்லிம் நூலில் பதிவான நபிமொழி அவர்களை நடக்கச் செய்தது.

இப்பயணங்களுக்கு ஓர் அமைப்பைத் தந்த இடங்களுள் கெய்ரோவின் அல்அஸ்ஹர் முதன்மையானது. ஃபாத்திமிய்யாக்களின் ஆட்சியில் கி.பி. 970இல் தொடங்கி 972இல் கட்டி முடிக்கப்பட்ட அப்பள்ளிவாசல், பின்னர் அஹ்லுஸ் ஸுன்னாவின் பெரும் கல்விக்கூடமாக வளர்ந்தது. அங்கே 'ரிவாக்' எனப்படும் பகுதிகள் இருந்தன. ரிவாக் என்பதற்குத் தூண்கள் சூழ்ந்த தாழ்வாரம் என்பது பொருள். மொராக்கோ முதலிய மேற்குத் திசையினர்க்கு ஒரு ரிவாக், சிரியா நாட்டவர்க்கு ஒன்று, துருக்கியர்க்கு ஒன்று, ஜாவா முதலிய தீவுகளிலிருந்து வந்தோர்க்கு ஒன்று, இந்தியர்க்கு ஒன்று என அவை வகுக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு ரிவாக்குக்கும் ஒரு பொறுப்பாளர் இருந்தார். மாணவர்க்கு அன்றாடம் ரொட்டி அளக்கப்பட்டது.

அந்த ரொட்டி அரசன் மனமிரங்கும் நாளில் மட்டும் வந்ததன்று. வக்ஃபுகளின் வருவாயிலிருந்து வந்தது. நிலத்தையும் கடைகளையும் அல்லாஹ்வுக்காக எழுதிவைத்துச் சென்றவர்கள், தாம் காணாத நாட்டிலிருந்து வரப்போகும், தாம் அறியாத மாணவனின் பசியை முன்கூட்டியே நினைத்திருந்தார்கள். இதனை மனத்தில் இருத்திக்கொள்வோம். பின்னர் இது நமக்குத் தேவைப்படும்.

1826: திசை மாறிய பயணம்

அஸ்ஹரை நோக்கி மாணவர்கள் வந்துகொண்டிருந்த நூற்றாண்டுகளுக்குப் பிறகு, அஸ்ஹரின் மாணவர் ஒருவர் எதிர்த்திசையில் புறப்பட வேண்டிய காலம் வந்தது.

1798இல் நெப்போலியனின் படை எகிப்தில் இறங்கியபோது, பீரங்கிகளுடன் அறிஞர் குழு ஒன்றும் வந்தது. அஸ்ஹரின் ஆலிமான ஷைக் ஹஸன் அல்அத்தார் அவ்வறிஞர்களுடன் பழகினார். அவர்களுடைய நூல்களையும் கருவிகளையும் கண்டார். நாட்டைப் பிடிக்க வந்தவர்கள் என்பதை அவர் மறக்கவில்லை. அவர்களிடம் இருந்த கல்வி தம் மக்களிடம் இல்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை.

பின்னர் எகிப்தின் ஆட்சிப் பொறுப்பேற்ற முஹம்மது அலீ பாஷா, 1826இல் நாற்பதுக்கும் மேற்பட்ட மாணவர்களைப் பாரிஸுக்கு அனுப்பினார். படைநிர்வாகம், கப்பற்கலை, மருத்துவம், வேதியியல், அச்சுக்கலை, வேளாண்மை என அவர்களுக்குத் துறைகள் பிரித்தளிக்கப்பட்டன. வலிமையான படையை அமைப்பதே பாஷாவின் முதல் நோக்கம். பிரெஞ்சுக்காரர்களுக்கும் எகிப்தில் தம் செல்வாக்கை வளர்க்கும் நோக்கம் இருந்தது. மாணவர்களைக் கண்காணித்த ஜோமார், நெப்போலியனுடன் எகிப்துக்கு வந்த அறிஞர்களுள் ஒருவரே. கல்விப் பரிமாற்றம் என்ற பெயரில் நடப்பவை யாவும் தூய அன்பினால் நடப்பவையல்ல. அன்றும் அப்படித்தான், இன்றும் அப்படித்தான்.

அம்மாணவர்களின் தொழுகைக்கும் மார்க்க வழிகாட்டுதலுக்கும் இமாம் ஒருவர் தேவைப்பட்டார். ஷைக் அல்அத்தார் தம் மாணவர் ஒருவரைப் பரிந்துரைத்தார். அவர்தாம் 1801இல் மேல் எகிப்தின் தஹ்தா என்னும் ஊரில் பிறந்த ரிஃபாஆ அத்தஹ்தாவி. 1817இல் அஸ்ஹரில் சேர்ந்து ஓதி, அங்கேயே கற்பித்து, படைப்பிரிவு ஒன்றில் இமாமாகவும் பணியாற்றியவர். புறப்படும்போது உஸ்தாத் ஓர் அறிவுரை சொல்லியனுப்பினார்: காண்பவற்றையெல்லாம் எழுதி வை, ஊர் மக்களுக்கு அது பயன்படட்டும்.

எடைபோட்ட கண்கள்

படிக்க அனுப்பப்பட்டவர்களுக்குத் துணையாக மட்டுமே அனுப்பப்பட்டவர், அவர்களுள் மிகுதியாகக் கற்றவராக ஆனார். மார்செய் துறைமுகத்தில் இறங்கியதும் பிரெஞ்சு எழுத்துகளைக் கற்கத் தொடங்கினார். பாரிஸில் தம் சொந்தப் பணத்தில் நூல்கள் வாங்கினார். தனி ஆசிரியரையும் அமர்த்திக்கொண்டார். இரவெல்லாம் படித்ததில் இடக்கண் பார்வை பாதிக்கப்பட்டது. வரலாறு, புவியியல், தத்துவம், சட்டம் எனப் பல துறை நூல்களைப் படித்து, மொழிபெயர்ப்பைத் தம் துறையாக்கிக்கொண்டார். அரபுமொழி வல்லுநரான சில்வெஸ்ட்ர் த சாசியுடன் அறிவார்ந்த நட்பும் அவருக்கு வாய்த்தது.

ஐந்தாண்டுகள் கழித்து 1831இல் தாயகம் திரும்பினார். அவரது பயண நூலான 'தக்லீஸுல் இப்ரீஸ்' 1834இல் கெய்ரோவின் பூலாக் அச்சகத்தில் வெளிவந்தது. பாரிஸ் மக்களின் தூய்மை, உழைப்பு, படிப்பார்வம், செய்தித்தாள்கள், ஆட்சியாளனைக் கட்டுப்படுத்தும் சட்டம் ஆகியவற்றை அவர் அதில் பாராட்டி எழுதினார். 1830இல் அரசரை மக்கள் நீக்கிய புரட்சியை நேரில் கண்டதையும் பதிவு செய்தார். அதே நூலில், மார்க்கப் பற்றின்மையையும் அறிவை மட்டுமே அளவுகோலாகக் கொள்ளும் போக்கையும் கடிந்துரைத்தார். ஷரீஅத்துக்கு முரணல்லாதவற்றையே தாம் நன்றெனக் கொள்வதாகவும் தொடக்கத்திலேயே கூறினார்.

கண்டதையெல்லாம் வியந்து தன்னை இழப்பவரும் உண்டு. கண்ணை மூடிக்கொண்டு அனைத்தையும் பழிப்பவரும் உண்டு. தஹ்தாவி எடைபோட்டார். எடைபோடுவதற்குத் தராசு வேண்டும். அத்தராசை அவர் பாரிஸில் வாங்கவில்லை. அஸ்ஹரின் பாய்களில் அமர்ந்து ஓதிய ஆண்டுகளில் பெற்று, உடன் எடுத்துச் சென்றார்.

திரும்பி வந்தவரின் கடன்

அவரது வாழ்வின் பெரும்பணி திரும்பி வந்த பிறகே தொடங்கியது. 1835இல் கெய்ரோவில் மொழிகளுக்கான கல்விக்கூடம் ஒன்று நிறுவப்பட்டது. 'மத்ரஸதுல் அல்ஸுன்' எனப் பெயர்பெற்ற அதன் தலைமைப் பொறுப்பைத் தஹ்தாவி ஏற்றார். பிரெஞ்சு முதலிய மொழிகளைக் கற்ற எகிப்திய இளைஞர்கள் அங்கே உருவானார்கள். வரலாறு, புவியியல், சட்டம், அறிவியல் நூல்களை அவர்கள் அரபுக்குக் கொண்டுவந்தார்கள். பாரிஸுக்குச் செல்ல வாய்ப்பற்ற உழவனின் மகனும் தன் தாய்மொழியில் அக்கல்வியைப் பெறும் வழி பிறந்தது. இன்றும் கெய்ரோவின் ஐன் ஷம்ஸ் பல்கலைக்கழகத்தில் அல்ஸுன் என்ற பெயரிலேயே மொழிப்புலம் இயங்கிவருகிறது.

இது புதுமையன்று. யூதர்களின் கடிதங்களைப் படிப்பதற்காக அவர்களுடைய எழுத்தைக் கற்றுக்கொள்ளுமாறு ஸைத் பின் ஸாபித் (ரலி) அவர்களை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். அவர்கள் ஏறத்தாழ அரை மாதத்தில் கற்றுத் தேர்ந்தார்கள். அன்னியரின் மொழியைக் கற்று அதைத் தம் சமுதாயத்தின் பணிக்கு ஆக்குவது ஸஹாபாக்களின் காலத்திலேயே தொடங்கிவிட்ட வழி.

அத்தவ்பா அத்தியாயத்தின் 122ஆம் வசனமும் இங்கே சிந்திக்கத்தக்கது. எல்லோரும் ஒருசேரப் புறப்பட வேண்டியதில்லை. ஒவ்வொரு கூட்டத்திலிருந்தும் சிலர் மார்க்க விளக்கம் பெற்று, மற்றவர்களிடம் திரும்பும்போது அவர்களுக்கு எச்சரிக்கை செய்யட்டும் என்ற கருத்தை அது உணர்த்துகிறது. மார்க்கக் கல்வியைப் பற்றிய வசனம் இது. ஆயினும் கல்வியின் ஒழுங்கை இதிலிருந்து நாம் கற்கலாம். கற்பதோடு கடமை முடிவதில்லை. தம் மக்களுக்கு எடுத்துரைப்பதில்தான் அது நிறைவடைகிறது.

கார்த்தூமில் கிடைத்த பாடம்

இவ்வரலாற்றில் கசப்பான ஓர் அத்தியாயமும் உண்டு. முஹம்மது அலீக்குப் பிறகு ஆட்சிக்கு வந்த அப்பாஸ் பாஷாவுக்கு இப்பணிகளில் ஆர்வம் இல்லை. 1849இல் அல்ஸுன் மூடப்பட்டது. மறு ஆண்டு தஹ்தாவி சூடானின் கார்த்தூமுக்கு அனுப்பப்பட்டார். தொடக்கப் பள்ளி ஒன்றை நடத்துவதே அவருக்கு இடப்பட்ட பணி. உண்மையில் அது நாடுகடத்தலே. வெப்பமும் நோயும் உடன் சென்ற தோழர்கள் பலரைப் பலிகொண்டன. அந்நிலையிலும் அவர் எழுதுகோலைக் கீழே வைக்கவில்லை. அரசர்க்கு அறிவுரை கூறும் பிரெஞ்சுக் கதைநூல் ஒன்றை அங்கிருந்தபடியே அரபில் ஆக்கினார். அப்பாஸின் மரணத்துக்குப் பின் 1854இல்தான் திரும்ப முடிந்தது. பெண்பிள்ளைகளின் கல்வியையும் வலியுறுத்தி எழுதிய அவர், 1873இல் இவ்வுலகைப் பிரிந்தார்.

அல்ஸுன் ஏன் பதினான்கு ஆண்டுகளில் மூடப்பட்டது? அஸ்ஹரின் ரிவாக்குகள் எப்படி நூற்றாண்டுகள் நிலைத்தன? முன்னது ஓர் ஆட்சியாளரின் கருவூலத்தை நம்பி நின்றது. கருவூலத்தின் சாவி கைமாறியதும் கதவு அடைபட்டது. பின்னது மக்கள் எழுதிவைத்த வக்ஃபை நம்பி நின்றது. எத்தனையோ ஆட்சிகள் மாறியபோதும் ரொட்டி வந்துகொண்டிருந்தது. திறமை மிக்க ஒருவரை உருவாக்குவது மட்டும் போதாது. அவர் திரும்பி வந்து நிற்பதற்கு ஓர் இடத்தையும் சமுதாயம் உருவாக்க வேண்டும்.

நம் கரைக்கு வந்த எகிப்து

எகிப்தின் இந்த விழிப்பு நம் மொழி பேசும் கரைக்கும் வந்தது. ஆங்கிலேயரை எதிர்த்துப் போராடித் தோற்ற அஹ்மத் ஒராபி பாஷா இலங்கைக்கு நாடுகடத்தப்பட்டு, 1883 ஜனவரியில் கொழும்பை அடைந்தார். அவரும் ஒரு காலத்தில் அஸ்ஹரில் ஓதியவரே. அங்கே கல்விக்காகக் குரல்கொடுத்துவந்த அறிஞர் சித்திலெப்பைக்கு அவரது நட்பும் ஊக்கமும் கிடைத்தன. வாப்பிச்சி மரிக்காரின் பெருமுயற்சியும் சேர, 1892இல் கொழும்பில் உருவான கல்விக்கூடம்தான் இன்றைய ஸாஹிராக் கல்லூரி. நாடிழந்து வந்த விருந்தினரிடமிருந்தும் பயன்பெறத் தெரிந்தவர்களாக அம்மக்கள் இருந்தார்கள். வருபவரை வரவேற்று அவரிடமிருந்து கற்பதும் கல்விப் பரிமாற்றத்தின் ஒரு பாதியன்றோ!

நாம் செய்ய வேண்டியவை

இன்று அஸ்ஹரிலும், 1961இல் நிறுவப்பட்ட மதீனா இஸ்லாமியப் பல்கலைக்கழகத்திலும் உதவித்தொகை பெற்று ஓதும் தமிழ் பேசும் மாணவர்கள் உள்ளனர். மேற்கு நாடுகளிலும் மலேசியாவிலும் மருத்துவம், பொறியியல், கணினித்துறை பயில்வோரும் உள்ளனர். மதீனாவுக்குச் செல்பவரை மட்டும் தீனுக்காகச் சென்றவர் என்றும், மற்றவரைத் துன்யாவுக்காகச் சென்றவர் என்றும் பிரித்துப் பார்ப்பது சரியன்று. நிய்யத்தும் பயனுமே அதனைத் தீர்மானிக்கின்றன.

பெற்றோர்களே! பிள்ளையின் பெட்டியை அடுக்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அதன் தராசைச் சரிசெய்யுங்கள். தொழுகை, ஹலால் ஹராம் பற்றிய தெளிவு, குர்ஆனுடன் அன்றாடத் தொடர்பு ஆகியவை விமான நிலையத்தில் சொல்லியனுப்பும் அறிவுரையால் வந்துவிடுவதில்லை. செல்லும் ஊரில் பள்ளிவாசலும் நம்பத்தக்க நல்லோரும் உள்ளனரா என விசாரித்தறியுங்கள். நாற்பது இளைஞர்களுடன் ஓர் இமாமை அனுப்பினார்கள் அன்று. நாம் தனித்த ஒரு பிள்ளையை யாருடைய துணையுமின்றி அனுப்புகிறோம்.

ஜமாஅத் பொறுப்பாளர்களே! நம் பைத்துல்மால்கள் திருமணத்துக்கும் மருத்துவத்துக்கும் உதவுவது போல், தகுதியுள்ள மாணவருக்கும் கைகொடுக்கட்டும். வசதியுள்ளோர் கல்விக்கென வக்ஃபு செய்யட்டும். உதவி பெறுவோரிடம் ஒன்றை மட்டும் கேட்போம்: விடுமுறையில் வந்து நம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லுங்கள், கற்றதைத் தமிழில் எழுதுங்கள். அயல்நாட்டிலேயே தங்கிப் பணிபுரிவோரும் இதனைச் செய்ய இயலும். உடலால் திரும்ப முடியாதவர் கல்வியாலேனும் திரும்பட்டும்.

மாணவர்களே! பயனற்ற கல்வியை விட்டும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பாதுகாப்புத் தேடியுள்ளார்கள். பட்டச் சான்றிதழைச் சுவரில் மாட்டும் நாளில், அக்கல்வியால் நம் ஊரில் ஒருவரேனும் பயன்பெற்றாரா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

வல்ல ரஹ்மான் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியை வழங்குவானாக! சென்ற இடங்களில் அவர்களுடைய ஈமானைப் பாதுகாத்து, அவர்களைத் தம் சமுதாயத்துக்கு ஒளியாக ஆக்குவானாக! ஆமீன்.