நிறமும் அதன் விலையும்

நவராத்திரி நெருங்குகிறதென்றால், தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறி வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் கொலுப்படிக்கு வேண்டிய அலங்காரங்கள் உருவாகத் தொடங்கிவிடும். காகிதப் பூக்கள், தோரணங்கள், அவற்றைக் கட்டும் ரிப்பன்கள் என வேலை பலவாகும். கடையில் கிடைக்கும் ரிப்பனின் நிறம் நாம் செய்த பூவோடு பொருந்தாதபோது, வெள்ளை ரிப்பனை வாங்கி வீட்டிலேயே சாயம் தோய்ப்பவரும் உண்டு. ஒரு பொட்டலம் சாயப்பொடி, ஒரு பாத்திரம் வெந்நீர், சிறிது உப்பு, இவை போதும். இந்த எளிமை எப்போது வாய்த்தது, அதற்கு விலை கொடுத்தவர் யாவர் என்பதை இங்கு நோக்குவோம்.

பட்டு விலங்கின நார். நிறத்தை விரைவில் ஏற்கும். பருத்தியும் காகிதமும் தாவர நார். அவை பெரும்பாலான நிறங்களை எளிதில் ஏற்பதில்லை. சாயவேரின் சிவப்பைப் பருத்தியில் நிலைநிறுத்தச் சோழமண்டலக் கரையின் சாயத் தொழிலாளர், துணியைக் கடுக்காய் நீரில் ஊறவைத்தனர். சாயத்தையும் நாரையும் பிணைக்கப் படிகாரம் சேர்த்தனர். அது பல நாள் உழைப்பு. வீட்டு அடுப்படியில் முடிவதன்று. மஞ்சள் ஒன்று இதற்கு விலக்கு. படிகாரம் இன்றியே அது பருத்தியையும் காகிதத்தையும் பற்றிக்கொள்ளும். சுண்ணாம்பு சேர்ந்தால் அது சிவக்கும் என்பதை ஆரத்தி கரைக்கும் பெண்கள் யாவரும் அறிவர். ஆயின், வெயில் பட்டால் அந்நிறம் வெளுத்துவிடும்.

ஐரோப்பாவிலோ, வெளுக்காத நிறத்திற்கான வேட்கை வேறு வழியில் சென்றது. ஸ்வீடன் நாட்டு வேதியியலார் ஷீலே 1775இல் ஆர்செனிக் நஞ்சும் செம்பும் கலந்த பச்சை நிறப்பொடி ஒன்றைக் கண்டார். அதனையும் அதன்பின் வந்த அதே இனப் பச்சைகளையும் சுவர்க் காகிதத்திலும் செயற்கைப் பூக்களின் இலைகளிலும் பயன்படுத்தினர். லண்டன் நகரில் அவ்விலைகளின்மீது பச்சைப்பொடி தூவும் வேலை செய்த மாடில்டா ஷூரர் என்னும் 19 வயதுப் பெண், 1861இல் அந்நஞ்சினால் உயிர் நீத்தாள். பூவைச் சூடியவர் அழகைப் பெற்றனர். பூவைச் செய்தவள் விலையைக் கொடுத்தாள்.

இதற்கிடையே நிலக்கரித் தாரிலிருந்து புதிய சாயங்கள் தோன்றலாயின. 1856இல், கொயினா மருந்தை ஆய்வுக்கூடத்தில் ஆக்க முயன்ற வில்லியம் பெர்கின் என்னும் 18 வயது இளைஞர், எதிர்பாராமல் ஊதா நிறச் சாயம் ஒன்றைக் கண்டார். அது பட்டை எளிதில் பற்றியது; பருத்திக்கோ துணைப்பொருள் வேண்டியிருந்தது. அக்குறையைத் தீர்த்தது 1880களில் ஜெர்மானியர் பால் பாட்டிகர் கண்ட 'காங்கோ சிவப்பு'. மஞ்சளைப் போலவே, இச்சிவப்பும் துணைப்பொருள் இன்றிப் பருத்தியையும் காகிதத்தையும் பற்றியது. அமிலம் பட்டால் நீலமாக மாறும் குறை அதற்கு இருந்தபோதிலும், அவ்வழியில் பல சாயங்கள் பின்தொடர்ந்தன. அக்காலத்திலேயே, அமெரிக்காவின் பர்லிங்டன் நகரில் செய்த 'டயமண்ட்' சாயப் பொட்டலங்கள் 10 சென்ட் விலையில் இல்லங்களை அடைந்தன. சாயத் தொழிலாளியின் கலை இல்லத்தரசியின் கைக்கு வந்தது.

ஆயின், பழைய கணக்கு முடியவில்லை. பிராங்க்பர்ட் நகர மருத்துவர் லுட்விக் ரேன், சாயத் தொழிற்சாலைத் தொழிலாளரிடம் சிறுநீர்ப்பைக் கட்டிகள் தோன்றுவதை 1895இல் எடுத்துரைத்தார். காங்கோ சிவப்புக்கு மூலமான பென்சிடைன் என்னும் பொருள் அத்தகைய புற்றுநோயை விளைவிப்பது என்பது பின்னர் உறுதியாயிற்று. பென்சிடைன் வழிச் சாயங்களைக் கையாள்வதை நம் நாடு 1990களில் தடைசெய்தது. முதல் எச்சரிக்கைக்கும் தடைக்கும் இடையே ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழிந்தது. அதுவரை எத்தனையோ தொழிலாளர் தம் உடலால் விலை கொடுத்தனர்.

இவ்வரலாற்றை அறிந்த நாம் வீட்டில் சாயம் தோய்க்கும்போது சிலவற்றை மனத்திற்கொள்ளல் நலம். இன்று கடைகளில் கிடைக்கும் பளபளப்பான ரிப்பன்களுள் பல பாலியஸ்டர் இழையால் ஆனவை. பருத்திக்குரிய சாயம் அவற்றில் ஏறாது. ஆதலின், பருத்தியா பட்டா என்று கேட்டு வாங்குதல் வேண்டும். உள்ளே இருப்பது இன்னதென்று எழுதாத பொட்டலத்தை ஒதுக்குதல் வேண்டும். சாயம் காய்ச்சிய பாத்திரத்தில் சமைத்தல் ஆகாது. ஒன்பது நாள் அலங்காரத்திற்கு மஞ்சளும் சுண்ணாம்புமே போதும். நிழலில் வைத்தால் அந்நிறம் அதுவரை நிற்கும்.

நிறம் எளிதாகவும் மலிவாகவும் கிடைப்பது நல்லதே. அந்த மலிவுக்காக வேறொருவர் நலிவுறுகின்றாரா என்று கேட்பது அதனினும் நல்லது.