காயத்தின் சதவீதம்

கடலூர் தேவனாம்பட்டினத்தில், கெடிலம் கடலைச் சேரும் இடத்துக்கு அருகே, புனித டேவிட் கோட்டையின் சிதைவுகள் இருக்கின்றன. 1756 ஜூனில் அக்கோட்டையின் பொறுப்பை ஏற்ற ராபர்ட் கிளைவின் பெயரைப் பிளாசியோடும் கொள்ளைச் செல்வத்தோடும் சேர்த்தே நாம் நினைவில் வைத்திருக்கிறோம். ஊனமுற்ற படைவீரனுக்கான உதவித்தொகையின் வரலாற்றிலும் அவருக்கு ஓர் இடம் உண்டு. வங்காள நவாப் மீர் ஜாஃபர் விட்டுச்சென்ற ஐந்து லட்சம் ரூபாயை முதலாக வைத்து 1770இல் அவர் ஒரு நிதியை ஏற்படுத்தினார். கம்பெனிப் படையில் உடல் முடங்கிய ஐரோப்பியருக்கும் அவர்களுடைய விதவைகளுக்கும் அது படியளந்தது.

பதினொரு ஆண்டுகளுக்குப் பின், 1781 ஜூனில், ஐதர் அலியின் வீரர்கள் அரணாக்கியிருந்த சிதம்பரம் கோயிலைத் தாக்கிய அயர் கூட் தோற்றுப் பின்வாங்கினார். ஜூலை 1ஆம் தேதி பரங்கிப்பேட்டையில் பெரும்போர் நடந்தது. 1783இல் கடலூர் முற்றுகை. இக்களங்களிலெல்லாம் கம்பெனிக்காகக் குருதி சிந்தியவர்களில் இந்தியச் சிப்பாய்களும் இருந்தனர். கிளைவின் நிதி அவர்களுக்கானதாக இருக்கவில்லை. 1858இல் கம்பெனி ஆட்சி முடிந்ததும் கிளைவின் வாரிசுகள் மூலதனத்தைத் திரும்பக் கேட்டு வழக்காடி, 1863இல் பிரபுக்கள் சபையில் வென்றார்கள். தருமமாகத் தரப்பட்ட பணத்தைத் தந்தவரின் வழியினர் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்றாயிற்று.

ஓய்வூதியம் கருணைக்கொடை அல்ல, உரிமை என்று இந்திய உச்சநீதிமன்றம் 1971இலும், நகரா வழக்கில் 1982இலும் தெளிவாகச் சொன்னது. ஆனால் ராணுவத்தின் ஊன ஓய்வூதியத்தில் அந்த உரிமை ஓர் எண்ணுக்குள் ஒடுங்கியிருக்கிறது. 1961ஆம் ஆண்டின் ராணுவ ஓய்வூதிய விதிகளின்படி, ஊனம் பணியால் ஏற்பட்டதாகவோ பணியால் மோசமானதாகவோ இருக்க வேண்டும். அளவு 20 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. இவ்விரண்டையும் மருத்துவக் குழு ஒரு படிவத்தில் எழுதுகிறது. இருபதுக்குக் கீழே எழுதினால் ஊனத்துக்கான தொகை இல்லை. வீரனின் பிற்கால வாழ்க்கை ஒரு மருத்துவரின் பேனா நுனியில் நிற்கிறது.

ஐந்தாவது ஊதியக் குழுவுக்குப் பின், 2001 ஜனவரி 31 தேதியிட்ட பாதுகாப்பு அமைச்சக ஆணை இந்த எண்ணைச் சற்று இளக்கியது. ஐம்பதுக்குக் குறைவான ஊனம் ஐம்பதாகவும், 50 முதல் 75 வரை 75 ஆகவும், அதற்கு மேல் நூறாகவும் கொள்ளப்படும். முழு ஊனத்துக்குக் கடைசி ஊதியத்தில் 30 சதவீதம் என்ற இன்றைய கணக்கில், 20 சதவீத ஊனக்காரருக்கு ஊதியத்தில் ஆறு சதவீதம் கிடைக்கும். ஐம்பதாக உயர்ந்தால் பதினைந்து. ஆனால் பணியிலிருந்து ஊனத்தால் வெளியேற்றப்பட்டோருக்கே இச்சலுகை என்று அரசு வாதிட்டது. பணிக்காலத்தை முடித்து ஓய்வுபெற்றவர்களுக்கும் அது பொருந்தும் என்று 2014 டிசம்பர் 10 அன்று ராம் அவதார் வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்த்தது. ஆணைக்கும் தீர்ப்புக்கும் இடையே ஏறத்தாழ பதினான்கு ஆண்டுகள்.

'பணியால் வந்ததல்ல' என்ற மறுப்பும் இப்படித்தான் நீண்டது. தரம்வீர் சிங் என்ற சிப்பாய் 1985இல் சேர்ந்தார். வலிப்பு நோயோடு 1994இல் அனுப்பப்பட்டார். பணியோடு தொடர்பில்லை என்றது குழு. சேரும்போது குறையெதுவும் பதியப்படாத நிலையில், பின்னர் வந்த நோய் பணியால் வந்ததாகவே கருதப்படும், மறுப்பவரே காரணம் காட்ட வேண்டும் என்று 2013 ஜூலையில் உச்சநீதிமன்றம் கூறியது. பத்தொன்பது ஆண்டுகள் கழித்து.

சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கத்து முன்னாள் வீரருக்கு இவ்வழி கடலூரின் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் தொடங்கக்கூடும். மெட்ராஸ் ரெஜிமென்ட்காரரானால் ஆவணங்கள் வெலிங்டனில். பணக்கணக்கு அலகாபாத்தில், இன்றைய பிரயாக்ராஜில். மறுப்பு வந்தால் முதல் மேல்முறையீடு, பிறகு இரண்டாவது. 2009இல் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் தொடங்கப்பட்டு அதன் அமர்வு சென்னையிலும் வந்தது பெரிய ஆறுதல். ஆனால் தாமதமாக வருபவருக்கு நிலுவை பொதுவாக மூன்று ஆண்டுகளுக்கு மட்டுமே என்று 2008இன் தர்சேம் சிங் தீர்ப்பு வரையறுத்திருக்கிறது. தமக்கு உரிமை உண்டென்று அறியாமல் இருந்த காலமும் வீரரின் கணக்கிலேயே கழிக்கப்படுகிறது.

2023 செப்டம்பர் 21 முதல் புதிய விதிகள் நடைமுறைக்கு வந்துள்ளன. அவற்றின் கீழும் எண்ணை எழுதுவது மருத்துவக் குழுவே. ஆகவே ஓய்வுபெறும் வீரர் பத்திரப்படுத்த வேண்டியது பதக்கங்களை மட்டுமல்ல, மருத்துவக் குழு அறிக்கையின் நகலையும். கிளைவின் நிதி ஏட்டில் சிப்பாய்க்குப் பெயரில்லை. இன்றைய ஏட்டில் அவருக்குப் பெயர் உண்டு. அதற்கு நேரே எழுதப்பட்ட எண்ணுக்காகத்தான் அவர் வழக்காடுகிறார்.