பிரம்மபுத்திராப் பள்ளத்தாக்கு

திபெத்தில் யார்லுங் சாங்போ என வழங்கும் ஆறு, அருணாசலப் பிரதேசம் வழியே இறங்கி, அசாமில் பிரம்மபுத்திராவாக அகன்று உண்டாக்கிய வெள்ளச் சமவெளி இது. தேயிலை, காண்டாமிருகம், பிகுத் திருநாள் மூன்றும் பயணிகளை இங்கே இழுக்கின்றன. எதை எப்போது காணலாம் என்பதைப் பெரும்பாலும் மழையும் வெள்ளமுமே தீர்மானிக்கின்றன.

நீலகிரியும் வால்பாறையும் பார்த்துப் பழகியவர்களுக்கு அசாம் தோட்டங்கள் வியப்பளிக்கும். சரிவு என்பதே இல்லை. தட்டையான நிலத்தில் இடுப்பளவுச் செடிகள், இடையிடையே நிழல் மரங்கள். சிங்போ மக்கள் நெடுங்காலமாகக் குடித்துவந்த தேயிலையைப் பற்றி 1823இல் ஸ்காட்லாந்து வணிகர் ராபர்ட் புரூஸ் அறிந்துகொண்டார். அதைக் 'கண்டுபிடிப்பு' என்று எழுதுவது அவ்வளவு பொருத்தமில்லை. 1839இல் தேயிலை பயிரிட அசாம் கம்பெனி தோன்றியது. சோட்டா நாகபுரி முதலிய பகுதிகளிலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளர்களின் வழித்தோன்றல்களே இன்றும் கொழுந்து பறிக்கின்றனர். அவர்களது ஜுமுர் ஆட்டம் தோட்டங்களின் அடையாளமாகிவிட்டது. கிழக்கே சூரியன் முந்தி உதிப்பதால் பல தோட்டங்களில் கடிகாரம் இந்திய நேரத்தைவிட ஒரு மணி முன்னே ஓடுகிறது. இதற்கு 'பாகான் நேரம்' என்று பெயர். நிறமும் திடமும் மிகுந்த கொழுந்து கிடைப்பது மே, ஜூனில். குளிர்காலத்தில் கவாத்து நடக்கும், பறிப்பு நின்றுவிடும்.

காசிரங்கா தேசியப் பூங்காவின் பருவமோ இதற்கு நேர்மாறு. மழைக்காலத்தில் பூங்கா மூடப்பட்டு, நவம்பர் முதல் ஏப்ரல் வரை முழுமையாகத் திறந்திருக்கும். 1908இல் காப்புக்காடாகி, 1974இல் தேசியப் பூங்காவான இதை 1985இல் யுனெஸ்கோ உலக மரபிடமாக ஏற்றது. 2022 கணக்கெடுப்பில் 2,613 ஒற்றைக்கொம்புக் காண்டாமிருகங்கள் இருந்தன. வெள்ளம் வந்தால் விலங்குகள் நெடுஞ்சாலையைக் கடந்து கார்பி ஆங்லோங் மேடுகளுக்கு ஏறுகின்றன, சில மடிகின்றன. ஆனால் அந்த வெள்ளமே புல்வெளிகளையும் ஏரிகளையும் புதுப்பிக்கிறது. ஜோர்காட்டுக்கு அருகே, தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த சிறு காடான ஹொல்லொங்காபாரில் ஹூலக் கிப்பன்கள் என்னும் வாலில்லாக் குரங்குகள் வாழ்கின்றன.

ஜோர்காட்டை ஒட்டிய நிமாட்டி காட் துறையிலிருந்து படகேறினால் மாஜுலி. இந்த ஆற்றுத்தீவின் பெரும்பகுதியை அரிப்பு விழுங்கிவிட்டது. 2016இல் இது தனி மாவட்டமானது. சங்கரதேவர் தொடங்கிய வைணவ மரபின் சத்திரங்கள் எனப்படும் மடங்கள் இங்கே உயிர்ப்புடன் உள்ளன. (நம் அன்னசத்திரங்களோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.) அவற்றில் வளர்ந்த சத்ரியா நடனத்துக்கு 2000இல் செவ்வியல் தகுதி கிடைத்தது. மூங்கில், துணி, களிமண், சாணம் கொண்டு முகமூடி செய்யும் சாமகுரி சத்திரத்தைப் பார்க்காமல் திரும்புவது வீண். கார்த்திகைப் பௌர்ணமியையொட்டி ராச விழா நடக்கும்.

பிகு மூன்று. அக்டோபரின் காதி பிகு எளிமையானது. நம் பொங்கல் வேளையில் வருவது மாக் பிகு: முதல்நாள் இரவு ஊரே கூடி உண்டு, விடியலில் 'மேஜி' எனப்படும் விறகுக் குவியலுக்குத் தீமூட்டுவர். ஏப்ரல் நடுவில், தமிழ்ப் புத்தாண்டையொட்டி வரும் போகாக் பிகு மாடுகளைக் குளிப்பாட்டுவதில் தொடங்கி, நாட்கணக்கில் ஆட்டமும் பாட்டுமாக நீளும். புதுக்கொழுந்து துளிர்த்திருக்கும், பூங்காவும் இன்னும் மூடியிராத நாட்கள் அவை.