கொம்பன்

பாடநூலிலும் தொலைக்காட்சியிலும் அதன் பெயர் 'சுத்தியல் தலைச் சுறா'. கடற்கரையில் மீன் ஏலம் கூறுகிற இடத்தில் அது கொம்பன் சுறா.

சுத்தியல் எங்கிருந்து வந்தது என்பது தெரிந்ததே. 1758இல் லின்னேயஸ் ஓர் இனத்துக்கு இட்ட 'சைகீனா' என்ற பெயரின் அடியில் நுகத்தடியைக் குறிக்கும் கிரேக்கச் சொல் இருக்கிறது. 1810இல் ரஃபினெஸ்க் பேரினத்துக்கு இட்ட 'ஸ்பிர்னா' சம்மட்டியிலிருந்து பிறந்தது. ஒன்று உழவர் வீட்டுப் பொருள், மற்றது கொல்லர் பட்டறைப் பொருள். ஆங்கிலம் பட்டறைப் பக்கம் போயிற்று. நாமும் அதை அப்படியே மொழிபெயர்த்துக்கொண்டோம்.

கடலோடு புழங்கியவர்களோ வேறு வேறு கரைகளில் கொம்பையே கண்டிருக்கிறார்கள். ஸ்பானிய மொழியில் அது 'கொர்னூதா', கொம்புடையது. செங்கடலில் கிடைத்த பெருங்கொம்பனுக்கு 1837இல் ரூப்பெல் சூட்டிய 'மொகர்ரான்' அரபிச் சொல். அதன் வேரும் கொம்புதான். தமிழுக்கு இந்தப் பார்வை மிகப் பழையது. பட்டினப்பாலையில் பரதவர் நட்டு வழிபடும் சுறவுக்கோட்டில் கோடு என்பது கொம்பே. அது வாள்மூக்கு வேளா மீனின் கோடு என்றே கொள்கிறேன். கோடு பேச்சிலிருந்து நழுவிவிட்டது, கொம்பு நிற்கிறது.

எனக்குக் கொம்பன்தான் சரியான பெயர். கருவியைக் கையில் எடுக்கிறோம். கொம்பு உடம்பில் முளைக்கிறது. இந்தத் தலையும் முழுக்க உயிருள்ள உறுப்பு. இரு முனையிலும் கண்கள். அடிப்பக்கம் நெடுக ஊசி குத்தியதுபோல் நுண்துளைகள். மணலுக்குள் புதைந்து கிடக்கும் திருக்கையின் உடலிலிருந்து கசியும் மிக மெல்லிய மின்புலம்கூட அவற்றுக்குத் தட்டுப்படும். பெருங்கொம்பன் அந்தத் திருக்கையைத் தலையாலேயே தரையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு அதன் சிறகைக் கடிக்கும். அந்த ஒரு நொடிக்கு மட்டும் சுத்தியல் என்ற பெயரையும் ஒப்புக்கொள்ளலாம்.

கொம்பன் குட்டி போடும் மீன். தொப்புள்கொடியோடு கருவில் வளரும் குட்டியின் கொம்பு, பிறக்கும்போது குருத்துபோல் இளகி, பின்பக்கமாக வளைந்திருக்கும். குட்டிகள் கரையோர ஆழமற்ற நீரில்தான் வளர்கின்றன. வலைகளும் அங்கேதான் விரிகின்றன. இரண்டு பெரிய கொம்பன் இனங்கள் 2019இலேயே அழிவின் விளிம்பில் இருப்பதாக அறிவிக்கப்பட்டுவிட்டன. ஏலக்கூடையில் முழங்கை நீளக் குட்டி கிடப்பதைப் பார்க்க எனக்கு மனம் பொறுப்பதில்லை. தொட்டால், அந்தக் கொம்பின் ஓரம் இன்னும் விரலுக்கு வளைந்து கொடுக்கிறது.