மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பின் வரும் கை வீக்கம்: ஒரு வரலாறு

மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சையில் அக்குள் நிணநீர்க் கணுக்கள் அகற்றப்படுவதாலோ, கதிர்வீச்சால் அவை பாதிக்கப்படுவதாலோ கையில் நிணநீர் தேங்கி ஏற்படும் வீக்கம் நிணநீர்த் தேக்க வீக்கம் எனப்படும். சிகிச்சை முடிந்த சில மாதங்களிலோ பல ஆண்டுகள் கழித்தோ இது தோன்றலாம். முற்றிலும் குணப்படுத்துவது கடினம். ஆனால் கட்டுக்குள் வைத்திருக்கலாம்.

தோற்றம்

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த வில்லியம் ஹால்ஸ்டெட், மார்பகத்துடன் மார்புத் தசைகளையும் அக்குள் கணுக்களையும் சேர்த்து அகற்றும் முறையை 1894-இல் விளக்கி எழுதினார். பல பத்தாண்டுகள் இதுவே வழக்கமான சிகிச்சையாக இருந்தது. புற்றுநோயிலிருந்து பிழைத்த பெண்கள் பலருக்குக் கை வீங்கியது. 1921-இல் ஹால்ஸ்டெட்டே இதைப் பற்றி எழுதி, 'அறுவை யானைக்கால்' எனப் பொருள்படும் இலத்தீன் பெயரைச் சூட்டினார். தமிழகத்தில் அறியப்பட்ட யானைக்கால் நோய்க்குக் கொசு பரப்பும் புழு காரணம். இங்கோ உயிர்காக்கும் சிகிச்சையே காரணமாயிற்று.

சிகிச்சை முறைகள்

அழுத்தக் கட்டு, நீவுதல் ஆகியவற்றை 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஆஸ்திரிய மருத்துவர் வினிவார்ட்டர் பரிந்துரைத்தார். டென்மார்க்கைச் சேர்ந்த எமில் வோடர், நிணநீரை மென்மையாக நீவி வடிக்கும் முறையை 1936-இல் பாரிஸில் அறிமுகப்படுத்தினார். பின்னர் ஜெர்மனியில் மைக்கேல் ஃபோல்டி, நீவுதல், கட்டு, உடற்பயிற்சி, தோல் பராமரிப்பு ஆகியவற்றை ஒரே சிகிச்சையாக இணைத்தார்.

தடுப்பு

பெர்னார்ட் ஃபிஷர் தலைமையில் 1971-இல் தொடங்கிய ஆய்வு, ஹால்ஸ்டெட் முறை கூடுதல் ஆயுளைத் தரவில்லை எனக் காட்டியது. 1990-களில், புற்றுநோய் முதலில் சென்றடையக்கூடிய ஓரிரு கணுக்களை மட்டும் எடுத்துச் சோதிக்கும் முறை வந்தது. 2013-இல் வெளியான தொகுப்பாய்வின்படி, அக்குள் கணுக்கள் பெருமளவில் அகற்றப்பட்டவர்களில் 100-க்கு ஏறத்தாழ 20 பேருக்கு வீக்கம் ஏற்பட்டது. புதிய முறையில் அது ஏறத்தாழ 6 பேராகக் குறைந்தது.

அன்றாட வாழ்வு

"பாதிக்கப்பட்ட கையால் பாரம் தூக்கக் கூடாது" என்ற அறிவுரை நெடுங்காலம் நிலவியது. வீட்டு வேலையும் கூலி வேலையும் செய்யும் பெண்களுக்கு அதைப் பின்பற்றுவது எளிதன்று. 141 பெண்களிடம் நடத்தப்பட்டு 2009-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், மேற்பார்வையுடன் படிப்படியாகப் பளு தூக்கியவர்களுக்கு வீக்கம் அதிகரிக்கவில்லை. திடீரென மோசமாவதும் குறைந்தது.

வளையல், மோதிரம், ரவிக்கையின் கை ஆகியவை இறுகுவது தொடக்க அறிகுறியாகலாம். தோல் சிவந்து சூடாகிக் காய்ச்சல் வந்தால் அது நோய்த்தொற்றாக இருக்கலாம். உடனே மருத்துவரை அணுக வேண்டும். தொடக்கத்திலேயே கவனித்தால் வீக்கத்தைக் கட்டுப்படுத்துவது எளிது.