உடனடி நகைச்சுவை நடிப்புப் பட்டறை

எழுதிவைத்த வசனமும் ஒத்திகையும் இல்லாமல், கூட நடிப்பவரும் பார்வையாளரும் கொடுப்பதை வைத்தே காட்சியையும் சிரிப்பையும் அந்த இடத்திலேயே உண்டாக்கப் பழக்கும் பயிற்சி. நகரத்து நாடகக்காரர்கள் இதை 'இம்ப்ரொவ்' என்பார்கள்.

இந்தப் பயிற்சி வடிவம் சிகாகோவில் உருவானது. அங்கே குடியேறிகளின் பிள்ளைகளோடு வேலை செய்த வயோலா ஸ்போலின், மொழி சரியாகத் தெரியாதவர்களும் சேர்ந்து ஆடக்கூடிய நாடக விளையாட்டுகளை அமைத்து, 1963இல் நூலாக்கினார். அவர் மகன் பால் சில்ஸும் நண்பர்களும் 1959இல் தொடங்கிய 'செகண்ட் சிட்டி' அரங்கு அவற்றை நகைச்சுவைக்குத் திருப்பியது. நாடக இயக்குநர் கீத் ஜான்ஸ்டன் லண்டனிலும் பிறகு கனடாவின் கால்கரியிலும் இதே வேலையைச் செய்தார். இரு அணிகள் மோதும் நாடகப் போட்டி அவர் வகுத்தது.

தமிழ்நாட்டில் இந்தக் கலை பழையது, பட்டறைதான் புதியது. தெருக்கூத்தின் கட்டியக்காரன் ராஜாவையே குறுக்குக் கேள்வி கேட்டு, அந்த ஊர்ச் சங்கதியைப் புராணத்துக்குள் நுழைத்துவிடுவான். ஸ்பெஷல் நாடகம் இன்னும் ஒரு படி மேலே போனது. வெவ்வேறு ஊரிலிருந்து தனித்தனியே பேசி அழைக்கப்பட்ட நடிகர்கள் அன்றிரவு மேடையில்தான் சந்திப்பார்கள். இயக்குநரும் கிடையாது, ஒத்திகையும் கிடையாது. சங்கரதாஸ் சுவாமிகளின் 'வள்ளி திருமணம்' கதை எல்லாருக்கும் மனப்பாடம் என்பதால் பாட்டு தவறாது. ஆனால் வள்ளிக்கும் நாரதருக்கும் நடக்கும் தர்க்கத்தில் அடுத்த கேள்வி என்னவென்று எதிராளிக்குத் தெரியாது. நாடகத்தின் கோமாளியான பபூனின் நிலையோ இதைவிடக் கடினம்: கூட்டம் சலித்தால் அந்த நொடியே வேறு கதைக்குத் தாவ வேண்டும். மேடைதான் அவருக்குப் பள்ளிக்கூடம்.

பட்டறை என்ற முறை இங்கே நவீன நாடகத்தோடு வந்தது. 1977இல் காந்திகிராமத்தில் நடந்த நாடகப் பட்டறையும், 1980இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் வங்காள நாடகாசிரியர் பாதல் சர்க்கார் நடத்தியதும் ஒரு தலைமுறையையே மாற்றின. ந. முத்துசாமி 1977இல் தொடங்கிய கூத்துப்பட்டறை, தெருக்கூத்தையும் உடற்பயிற்சியையும் சேர்த்து நடிகர்களைத் தயாரித்தது. திரைப்பட நடிகர் பசுபதி அங்கிருந்து வந்தவர். இவையெல்லாம் உடலையும் சமூக உணர்வையும் தேடின. சிரிப்பு அவற்றின் பாடத்திட்டத்தில் பின்வரிசையில்தான் இருந்தது. இது ஒரு குறைதான்.

பயிற்சியின் முதல் விதி, எதிராளி சொன்னதை மறுக்காமல் ஏற்று அதன்மேல் ஒன்று சேர்ப்பது. இருவருக்குத் தேயிலைக் கொழுந்து எடைபோடும் இடம் காட்சியாகத் தரப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம்.

"அண்ணே, கூடைக்குள்ள கரடிக்குட்டி இருக்கு."

"அதெல்லாம் ஒண்ணும் இல்லையே" என்று சொல்லிவிட்டால் காட்சி அங்கேயே செத்தது. "இருக்கட்டும், தட்டுல வை. ஈரத்துக்கு ரெண்டு கிலோ கழிச்சுக்கிறேன்" என்றால் கதை ஓடத் தொடங்குகிறது. ஈரக் கொழுந்துக்கு எடை கழிப்பதைக் கண்டவர்கள் இதற்குக் கூடுதலாகவே சிரிப்பார்கள். ஒருவர் ஒரு சொல்லாகக் கதை சொல்வது, வாயால் உளறும் பொய்மொழியில் பேரம் பேசுவது, வேலைக்காரன் முதலாளியை மெல்ல மெல்ல அடக்குவது முதலியன பிற விளையாட்டுகள். வேடிக்கையாகப் பேச முயல்பவரைவிடக் காது கொடுத்துக் கேட்பவரே இவற்றில் தேறுகிறார்.

தொலைக்காட்சிச் சிரிப்புப் போட்டிகளில் பெரும்பாலும் தயாரித்து வந்த எழுத்துதான் அரங்கேறுகிறது. நடிகர்கள் விவேக்கும் மிர்ச்சி சிவாவும் தொகுத்து 2021இல் அமேசான் பிரைமில் வந்த 'எங்க சிரி பாப்போம்' வேறு வகை: பத்துக் கலைஞர்கள் ஆறு மணி நேரம் ஒரே அறையில் இருந்து, தாம் சிரிக்காமல் மற்றவரைச் சிரிக்க வைக்க வேண்டும்.

இந்தப் பயிற்சிக்குச் செலவு மிகக் குறைவு. அரங்கமைப்பு, உடை, ஒலிபெருக்கி எதுவும் தேவையில்லை. நீலகிரியில் குந்தா பக்கத்துப் பிக்கட்டி போன்ற ஊரில், மழை விடாத மாதத்தில் ஒரு பள்ளி வகுப்பறையே போதும். படுகு மொழி பேசும் பிள்ளைகள் படுகிலேயே ஆடலாம். பயிற்றுநரை மட்டும் நகரத்து ஆங்கில மேடைகளில் தேட வேண்டாம். மதுரை, புதுக்கோட்டை நாடக நடிகர் சங்கங்களில் பபூன்கள் இருக்கிறார்கள். முதலில் அவர்களை அழையுங்கள்.