பன்னிரண்டு உவோற்று வெளிச்சமும் கல்குடாச் சமையலறையும்

மின்சாரம் வீட்டினுள் நுழைந்த காலத்தில் அறிஞரை முதலில் அச்சுறுத்தியது அதிர்ச்சியன்று, தீயேயாகும். 1882ஆம் ஆண்டில் இலண்டன் தந்திப் பொறியியலாளர் சங்கம் வெளியிட்ட முதல் விதித்தொகுப்பின் தலைப்பே மின்விளக்கினால் எழும் தீயபாயத்தைத் தடுப்பது பற்றியது. சில பக்கங்களே கொண்ட அத்தொகுப்புப் பதிப்புக்குப் பதிப்பு வளர்ந்து, 1992இல் பி.எஸ். 7671 என்னும் பிரித்தானிய நியமமாயிற்று. ஈழநாட்டு வீட்டு மின்னிணைப்பு முறைகள் பெரிதும் அம்மரபின் வழிவந்தவை.

கொழும்புக் கோட்டையில் 1895 அளவில் பௌஸ்ரெட் சகோதரர் மின்வழங்கலைத் தொடங்கினர். விமலசுரேந்திரா 1918இல் எடுத்துரைத்த நீர்மின் திட்டம் இலக்சபானாவில் நிறைவேற 1950 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. மின்சார சபை 1969இல் தோன்றியது. இவ்வெளிச்சம் கிழக்கிலங்கைச் சிற்றூர்களை அடைந்த வேகமோ மிகக் குறைவு. அடைந்ததும் நிலைக்கவில்லை, 1978 நவம்பர் 23இல் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியில் தென்னைகளோடு மின்கம்பங்களும் சாய்ந்தன. அதன்பின் போர் வந்தது. வாவிக்கு மேற்கே, படுவான்கரையின் பல ஊர்களுக்கு மின்கம்பி போய்ச் சேர்ந்தது 2009க்குப் பின்னரே.

அதுவரை அங்கே எரிந்தது குப்பி விளக்கு. அது கவிழ்ந்தால் மண்ணெண்ணெய் சிந்தித் தீப்பற்றும். அத்தீயில் வெந்தவர்களுக்குச் சிகிச்சையளித்த சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, எளிதிற் சரியாத, திருகுமூடியுள்ள குட்டை விளக்கொன்றை அமைத்து 1992 முதல் பரப்பினார். 1998இல் உறோலெக்ஸ் விருது பெற்றார். மறுபுறம், 1997இல் உலக வங்கியின் உதவியுடன் தொடங்கிய திட்டங்களால் இலங்கையில் இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் சூரியத்தகடும் மின்கலமும் பெற்றன. இவை பெரும்பாலும் 12 உவோற்று நேரோட்டத்தில் இயங்கின. நகரத்தார் இன்று அலங்காரத்துக்காகச் சமையலறைத் தட்டின் கீழ் ஒட்டும் ஒளிகாலும் இருவாயிப் பட்டியும் அதே 12 உவோற்றில் எரிவதாகும். ஏழைக் குடிசையின் அழுத்தம் வசதியுள்ள வீட்டின் அலங்காரமாயிற்று எனலாம்.

இவ்விடத்தில் ஒரு தவறான நம்பிக்கை நிலவுகின்றது. பன்னிரண்டு உவோற்று ஆளைத் தாக்காது. ஆகவே அதற்கு விதி வேண்டியதில்லை என்பர். முதற்பாதி பொதுவாக உண்மை. ஆடலோட்டத்தில் 50, நேரோட்டத்தில் 120 உவோற்றுக்கு மேற்படாததை மிகத் தாழ்ந்த அழுத்தம் என நியமமும் தனியே வகுத்துள்ளது. பிற்பாதியோ 1882ஆம் ஆண்டின் தலைப்பையே மறந்த கூற்று. 36 உவாற்று விளக்கு 230 உவோற்றில் ஏறத்தாழ 0.16 அம்பியரையே இழுக்கும். 12 உவோற்றில் 3 அம்பியர் இழுக்கும். கம்பியைச் சூடாக்குவது மின்னோட்டமேயன்றி அழுத்தமன்று. ஒரு சதுர மில்லிமீற்றர் செப்புக் கம்பி ஐந்து மீற்றர் சென்று மீள்கையில் அரை உவோற்றளவு இழக்கப்படும். பட்டியின் கடைசி விளக்கு மங்குவதன் காரணம் இதுவே. தளர்ந்த இணைப்பில் அவ்விழப்பு ஓரிடத்திற் குவிந்து வெப்பமாகும்.

கல்குடாவில் இதனோடு உப்புக்காற்றும் சேர்கின்றது. செப்பு முனைகள் பச்சை பூத்துத் தடை கூடும். ஆகையால் இணைப்புகளை முறுக்கிப் பசைநாடா சுற்றுவது போதாது. மூடிய பெட்டியினுள் திருகிப் பூட்டுதல் வேண்டும். முதற்சுற்றையும் துணைச்சுற்றையும் வேறாக்கும் காப்பு நிலைமாற்றியே தகுந்தது. அதன் 230 உவோற்றுப் பக்கத்திற்கு வீட்டின் ஏனைய சுற்றுகளுக்குரிய விதிகள் யாவும் பொருந்தும்: தக்க உருகி, 30 மில்லியம்பியர் மீதியோட்டச் சுற்றுடைப்பான், புவித்தொடுப்பு. துணைச்சுற்றையோ புவியுடன் தொடுக்கலாகாது. தொடுத்தால் வேறோரிடத்துப் பழுது அதனூடாக உள்ளே வரும். நிலைமாற்றி அடுப்பின் வெப்பத்துக்கு அப்பால், காற்றுப் படும் இடத்தில், கைக்கெட்டுமாறு இருத்தல் வேண்டும். தட்டின் பின்னே அதை அடைத்து ஆணியறையும் வழக்கம் கண்ணுக்கு அழகேயாயினும் பழுது நேர்ந்தாற் பலகையையே பெயர்க்க வைக்கும்.

மின்கலத்தில் நேரே கம்பி கட்டுவோர் இன்னும் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. ஈய அமில மின்கலம் குறுஞ்சுற்றில் நூற்றுக்கணக்கான அம்பியர் ஓட்டத்தை வெளிவிடும். நேர்முனைக்கு அருகிலேயே உருகி இல்லாவிடின், குப்பி விளக்குப் போன வீட்டில் அது வைத்த தீ மட்டும் எஞ்சியிருக்கும்.